ஐவருக்கு ஓர் இணையப் பெயர்

குழந்தைக்குப் பெயர் வைப்பவருக்கு அதே பெயர் அடுத்த தெருவில் இருக்கிறதா என்ற கவலை இல்லை. இணையதளத்துக்குப் பெயர் வைப்பவருக்கோ அந்த ஒரு கவலையைத் தவிர வேறு கவலை இல்லை. எங்கள் வில்லியனூரில் ஒரே தெருவில் நான்கு முருகையன்கள் வசிக்கிறார்கள். கூப்பிட்டால் நால்வரும் திரும்பிப் பார்ப்பார்கள், யாருக்கும் வருத்தமில்லை. இணையத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். உலகின் எந்த மூலையிலாவது ஒருவர் முந்திக்கொண்டிருந்தால், அவர் அதைப் பயன்படுத்தினாலும் சரி, பூட்டி வைத்திருந்தாலும் சரி, நமக்கு அது கிடையாது.

நான் புலவர் பட்டம் பெற்று, புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பல்லாண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். இப்போது வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், கமலக்கண்ணன் நடத்தும் இணையதள அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். கணினி வேலை அவருடையது; சொல் வேலை என்னுடையது. பெயர் தேடி வருவோரை உட்கார வைத்து, அவர்களுக்கான படிவத்தை நிரப்பி, ஒரு முடிவுக்கு வரும்வரை அவர்களுடைய சச்சரவைக் கேட்டுக்கொண்டிருப்பதும் சொல் வேலையில் அடங்கும். தொழிலுக்குப் பெயர் தேடப் போய், குடும்பத்தோடு பேச்சுவார்த்தை முறிந்த அன்பர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நீங்கள் தனியாக இல்லை என்ற ஆறுதலுக்காக, அண்மையில் ஒரு வாரம் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வந்த ஐவர்

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். ஐவரும் திருவாண்டார்கோயில் அருகே ஒரு தையல் நிறுவனத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து பல ஆண்டுகள் தைத்தவர்கள். அந்தப் பிரிவு வேறு ஊருக்கு மாறிவிட்டதால் வேலை போயிற்று. ஆளுக்கொரு இயந்திரமாகச் சேர்த்து, அமுதா என்பவரின் வீட்டு முன்னறையில் தாங்களே ஒரு தையற்கூடம் தொடங்கியிருந்தார்கள். அமுதா தலைவி. ஸ்டெல்லா துணி வெட்டுபவர். தனம் எல்லாவற்றையும் எதிர்ப்பவர். வள்ளியும் செல்வியும் அக்காள் தங்கை. ஒருவர் சொன்னால் மற்றவர் தலையாட்டுவார்.

திருபுவனையில் ஒரு தொழிற்சாலை, தன் தொழிலாளர்களுக்கான சீருடையை இவர்களிடம் தைக்கத் தர முன்வந்திருந்தது. மாதிரிச் சட்டையைப் பார்த்துக் கொள்முதல் அதிகாரிக்குத் திருப்தி. ஆனால் அந்நிறுவனத்தின் விதி ஒன்று குறுக்கே நின்றது. பொருள் வழங்குவோர் இணையப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் சொந்தப் பெயரில் அமைந்த இணைய முகவரியும் அந்த முகவரியிலிருந்து இயங்கும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். இலவச மின்னஞ்சல் ஏற்கப்படாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடப்படும். ஆர்டர் தவறினால் ஐவரும் பிரிந்து, ஆளுக்கொரு கம்பெனிப் பேருந்தில் ஏறி வேலை தேடிப் போக வேண்டியதுதான். வேறு வழியில்லை என்பதை அமுதா ஒளிக்காமல் சொன்னார்.

"கடையின் பெயர் என்ன?" என்று படிவத்தின் முதல் வரியைக் கேட்டேன். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒன்று இல்லை. பாகூரில் எல்லோரும் "அமுதா வூடு" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அமுதாவுக்கு என் கேள்வி சற்றே உறைத்துவிட்டது போலும். "பேர் இருந்தாதான் துணி குடுப்பாங்களாம்க்கா. பேர் இல்லாமதான இத்தினி வருஷமும் தெச்சோம், பட்டன் எதுனா கழண்டு வுழுந்துச்சா?" என்றார்.

நாற்பத்தோரு எழுத்து

நான் வைத்திருக்கும் விதிகள் நான்கு. பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும். ஒரு முறை சொன்னால் கேட்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். இடையில் கோடும் எண்ணும் கூடா. இன்னொருவர் ஊன்றி வளர்த்த பெயரை ஒட்டிப் போகக் கூடாது. இவற்றைத் தாளில் எழுதி, அடிக்கோடிட்டு, அமுதாவிடம் கொடுத்தேன். "நாளைக்குப் பத்துப் பெயர்களோடு வாருங்கள். எது காலியாக இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். இந்த வரிசை மிக முக்கியம். தேடுதல் முதலில், முடிவு பிறகு.

செவ்வாய்க்கிழமை அவர்கள் பத்துப் பெயர்களோடு வரவில்லை. ஒரே பெயரோடு வந்தார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஐவரின் பெயரையும் வரிசையாகக் கோத்திருந்தார்கள். தனத்தின் குலதெய்வம் முன்னால் நின்றது. ஊர் பின்னால் நின்றது. இயந்திரம் வாங்கக் கையெழுத்திட்ட வள்ளியின் மாமனாருக்கும் நடுவில் ஓர் இடம் தந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி எண்ணினேன். நாற்பத்தோரு எழுத்து வந்தது. இதில் யாரை எடுக்கலாம் என்று கேட்டபோது, ஐவரும் ஐந்து வேறு பெயர்களைச் சுட்டிக் காட்டினார்கள். ஒருவரும் தம் பெயரைச் சுட்டவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதுவரை வாய் திறவாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கமலக்கண்ணன் நாற்காலியைத் திருப்பினார்: "இது இன்னாக்கா, பேரா, ரேஷன் கார்டா?"

பதாகையில் சிரித்தவர்கள்

அன்று அவர்கள் புறப்படுமுன் ஓர் எச்சரிக்கையும் சொன்னேன்: பெயர் எதுவானாலும், அதை வாங்கி முடிக்கும்வரை வெளியில் மூச்சு விடக் கூடாது. இதைச் சொல்லக் காரணம், சென்ற ஆண்டு பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி. அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் தொழிலுக்கு அருமையான பெயர் ஒன்றை அவரே யோசித்திருந்தார். தேடினோம், காலியாக இருந்தது. உடனே வாங்கிவிடலாம் என்றேன். "வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்குது, அன்னிக்கி வரேன் மேடம்" என்று போய்விட்டார்.

எங்கள் பகுதியின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. காது குத்தினாலும் கடை திறந்தாலும் முதல் வேலை பதாகை வைப்பதுதான், மற்றவை பிறகு. அவர் நாள் பார்த்தது எங்களுக்கு மட்டும். பதாகைக்கு நாள் பார்க்கவில்லை. மறுநாளே நான்கு முனைச் சந்திப்பில் ஆளுயரத்துக்கு ஒன்று எழுந்தது. நடுவில் இயந்திரம், மேலே இணைய முகவரி, தவறில்லாமல், பெரிய எழுத்தில், கீழே வாழ்த்துவோர் படங்கள் மூன்று வரிசை. வெள்ளிக்கிழமை அவர் மாலையும் கழுத்துமாக வந்து அமர்ந்தார். பெயரைத் தேடினோம், போய்விட்டது. அதே தொழிலில் இருந்த அவருடைய பங்காளி, பதாகையைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தன் பெயரில் பதிந்துகொண்டிருக்கிறார். இது எப்படி நேர்ந்தது என்று விளக்கினேன். அவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "அந்தப் பேனர்ல மொத வரிசையில அவன் மூஞ்சியத்தான் போட்டேன் மேடம்!"

பூக்கட்டிப் பார்த்த புதன்

இந்தக் கதையைக் கேட்டு ஐவரும் திகைத்துப் போனார்கள். ஊரில் யாரிடமும் பெயரைப் பற்றிப் பேசுவதில்லை என்று அங்கேயே கையடித்துக்கொண்டார்கள். அதை நேர்மையாகக் காப்பாற்றவும் செய்தார்கள். என்னிடமும் சொல்லாமல் காப்பாற்றியதுதான் சிக்கல். புதன்கிழமை முழுவதும் தகவலே இல்லை. அவர்கள் அன்று செய்ததை மறுநாள்தான் அறிந்தேன்.

ஐவருக்கும் ஐந்து விருப்பம். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. ஆகவே எல்லையம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதி, ஒரு பூவோடு சேர்த்து வாழையிலையில் மடித்து நூல் சுற்றி, அம்மன் முன்னால் போட்டிருக்கிறார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்தது எதுவோ அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. ஸ்டெல்லா தேவாலயத்துக்குப் போகிறவர் என்பதால் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "நான் இங்கியே நிக்கிறேன்டி, என் சீட்டு மட்டும் உள்ள போவட்டும்" என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

கும்பிட வந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், வாசலில் நின்றவருடைய சீட்டு. அதில் "தங்கநூல்" என்று எழுதியிருந்தது. தனத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் குலதெய்வத்தின் பெயரை எழுதிய சீட்டு தோற்று, வாசலில் நிற்பவளின் சீட்டு வெல்வதா என்று இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எடுத்துக் கொடுத்த அம்மாள் விடவில்லை: "அம்மா கையால குடுத்தத ரெண்டாந்தரம் கேக்கக் கூடாதும்மா. இதான் பேரு. மாத்துனா வெளங்காது, போங்க."

விற்பனைக்கு

வியாழக்கிழமை நண்பகலுக்குமேல் ஐவரும் நெற்றியில் குங்குமமும் முகத்தில் மகிழ்ச்சியுமாக வந்தார்கள். ஸ்டெல்லாவுக்குக் குங்குமம் இல்லை, மகிழ்ச்சி அதிகம். பெயரைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. சுருக்கம், சொன்னால் விளங்கும், கோடு இல்லை, எண் இல்லை. என் நான்கு விதிகளும் நிறைவேறின. நான் சொல்லியிருந்த வரிசை மட்டும் நிறைவேறவில்லை. கமலக்கண்ணன் பெயரைத் தட்டச்சு செய்து, பின்னால் டாட் காம் சேர்த்துத் தேடினார். யாரோ ஒருவர் முன்பே வாங்கி வைத்திருந்தார். அங்கே ஒரு கடையும் இல்லை, ஒரு படமும் இல்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தில் "இப்பெயர் விற்பனைக்கு" என்ற ஒற்றை வரி. அவர் கேட்ட விலையைக் கமலக்கண்ணன் வாய்விட்டுப் படிக்கவில்லை. நாகரிகம் கருதித் திரையை மூடினார். தனம் எழுந்து நின்றுவிட்டார்: "ஆத்தா குடுத்த பேர, ஆத்தா குடுக்கறதுக்கு முன்னாடியே எவன்டா அவன் வாங்கி வெச்சது?"

வேறு பெயருக்கு அவர்கள் இசையவில்லை. பெயரோடு ஒரு சொல்லைக் கூட்டலாம் என்றேன். கூட்டினால் அம்மன் கொடுத்த பெயர் ஆகாது என்றார்கள். மீண்டும் பூக்கட்டலாமா என்றேன். வள்ளியும் செல்வியும் ஒரே நேரத்தில் மறுத்துத் தலையசைத்தார்கள். அமுதா மட்டும் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன், வெள்ளி, சனி என்று அவர் உதடு எண்ணியது. நானும் விரல்விட்டு எண்ணினேன். இத்தனைக்கும் நான் தைப்பவள் அல்லள்.

அப்போது கமலக்கண்ணன் டாட் இன் என்ற ஈற்றோடு தேடிப் பார்த்தார். காலியாக இருந்தது. இது இந்தியாவுக்கு உரிய ஈறு. தொழிற்சாலையின் விதிக்கும் இது போதும் என்று விளக்கினேன். புள்ளிக்கு முன்னால் வருவது நம் வீட்டின் பெயர், பின்னால் வருவது தெருவின் பெயர் போல என்றும் சொன்னேன். ஐவரும் கூடிக் குனிந்து பேசினார்கள். இது மாற்றுவது ஆகுமா, ஆகாதா என்பதுதான் விவாதம். தனம் ஆகும் என்றார். அமுதா தெரியவில்லை என்றார். கடைசியில் ஸ்டெல்லா நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சுப் பாருங்கடி. சீட்டுல நான் தங்கநூலுன்னு மட்டுந்தான எழுதனேன்? ஆத்தா அதத்தான குடுத்துச்சு? புள்ளிக்கி அப்புறம் இன்னா வரணும்னு அது ஒண்ணுமே சொல்லலயே!"

ஒன்றரை முதல் மூன்று வரை

தனமும் ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமூச்சு வந்தது. "வாங்கிவிடலாம்" என்று கமலக்கண்ணனுக்குச் சைகை காட்டினேன். அவர் கை விசைப்பலகையில் படுமுன், செல்வி அன்று முதன்முறையாக வாய் திறந்து, "மணி இன்னா?" என்று கேட்டார். ஒன்று நாற்பது. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம். ஐவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். மூன்று அடிக்கும்வரை யாரும் எதையும் அழுத்தக் கூடாது.

கமலக்கண்ணன் என்னைத் தனியே அழைத்து, இப்போதே வாங்கிவிட்டு, மூன்று மணிக்கு வாங்குவதுபோல் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அவர்களுடைய பெயர், அவர்களுடைய நேரம். எனினும் அந்த எண்பது நிமிடங்களும் எனக்கு எளிதாகக் கழியவில்லை. கரும்பு விவசாயியின் முகம் கண்முன் வந்து வந்து போயிற்று. கீழே மருந்துக் கடைக்கு அடுத்த தேநீர்க் கடையிலிருந்து தேநீர் வரவழைத்தோம். ஐவரும் கால் நீட்டி அமர்ந்து, யார் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்று அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கமலக்கண்ணன்தான் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து நகம் கடித்தார்: "நமக்கு ராகு காலம் சரிக்கா. அமெரிக்காவுல எவனுக்காவது இப்ப நல்ல நேரமா இருந்து, அவன் வாங்கிட்டா இன்னா பண்றது?"

கருவாட்டுக் குழம்பு

மூன்று அடித்து ஒரு நிமிடம் ஆயிற்று. அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை. அமுதாவே கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். உறுதி செய்ய ஓ.டி.பி. எண் அவருடைய கைப்பேசிக்கு அனுப்பப்பட்டதாகத் திரை அறிவித்தது. கைப்பேசியை எடுங்கள் என்றேன். "அது அவருகிட்ட இல்ல இருக்குது" என்றார். அவர் கணவர் ஏழுமலையின் கைப்பேசி பழுதாகிவிட்டதால், ஒரு வாரமாக அமுதாவுடையதை அவர்தான் வைத்திருக்கிறார். இப்போது கரும்பு லாரியோடு போயிருக்கிறார். என் படிவத்தில் கைப்பேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. தவறு என்னுடையது. இப்போது சேர்த்துவிட்டேன்.

ஸ்டெல்லாவின் கைப்பேசியிலிருந்து கணவரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார் அமுதா. எண்ணைப் படிக்கச் சொன்னதும் மறுமுனை குளிர்ந்துவிட்டது. "யாரு நீங்க?" "நான்தாங்க, அமுதா." "இது அமுதா நம்பர் இல்ல." "ஸ்டெல்லா போனுங்க. அந்த ஓ.டி.பி.ய சொல்லுங்க, சீக்கிரம்." "யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு போன்லயே தெனம் சொல்றான். பொண்டாட்டி கேட்டா சொல்லலாம்னு அவன் சொல்லலியே." அமுதா பல்லைக் கடித்தார். "என் கொரலு தெரியலயா உனக்கு?" "இப்பல்லாம் கொரல அப்பிடியே மாத்திப் பேசறானுங்களாம். எங்க, இன்னிக்கி சோத்துக்கு இன்னா கொழம்பு குடுத்தே, சொல்லு பாப்போம்." "கருவாட்டுக் கொழம்பு!" "அது வாசனய வெச்சே யாரு வேணாலும் சொல்லுவாங்க." போனில் வாசனை எப்படி வரும் என்று நான் கேட்க நினைத்தேன், அதற்குள் எண்ணின் ஆயுள் முடிந்து, திரை சிவப்பாயிற்று.

கமலக்கண்ணன் இரண்டாவது எண்ணை அனுப்பினார். மூன்று முறைக்குமேல் தவறினால் மறுநாள்தான் முயல முடியும் என்றார். அமுதா ஸ்டெல்லாவின் கைப்பேசியை வாய்க்கு அருகில் கொண்டு வந்தார். அதன்பின் அவர் தம் கணவரை நோக்கிச் சொன்னவற்றை நான் இங்கு எழுதுவதற்கில்லை. ஏழுமலையின் முன்கோபம், அவருடைய அண்ணனின் குணம், சென்ற பொங்கலுக்கு அவர் வாங்கி வந்த பானையின் விரிசல் எல்லாம் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில் வந்தன. எழுவாயும் பயனிலையும் எங்கும் தடுமாறவில்லை. பிறகு ஏழுமலை ஆறு இலக்கங்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார், பெயர் பதிவாயிற்று. தொடர்பைத் துண்டிக்குமுன் அவர் எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னார்: "அமுதாதான். இந்தத் திட்டு வேற எந்தத் திருட்டுப்பயலுக்கும் வராது."

முதல் அஞ்சல்கள்

பெயர் பதிந்தவுடன் மின்னஞ்சல் இயங்கிவிடாது. புதுப் பெயர் உலகம் முழுவதும் உள்ள கணினிகளுக்குப் பரவ ஓரிரு வேளை ஆகும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அஞ்சல் பெட்டி திறந்தது. கமலக்கண்ணன் தன் கணினியிலும், தனத்தின் புதிய கைப்பேசியிலும் அதை அமைத்தார். அமுதாவின் கைப்பேசி இன்னமும் லாரியில் சுற்றிக்கொண்டிருந்ததால், பெட்டியைக் காக்கும் பொறுப்பு தனத்துக்கு வந்தது. மூன்று மணிக்குத் தொழிற்சாலைப் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். இனி அங்கிருந்து ஓர் அஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பைச் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் அழுத்திவிட்டால் பதிவு முடிந்துவிடும்.

நாங்கள் எழுந்திருக்குமுன்பே பெட்டியில் ஓர் அஞ்சல் வந்து விழுந்தது. ஐவரும் எழுந்து நின்றார்கள். திறந்தால், உங்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தரலாமா என்று எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. அடுத்தது, உங்கள் தளத்தைத் தேடுபொறியில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம் என்றது. அடுத்தது, சின்னம் வரைந்து தருகிறோம் என்றது. புதிதாகப் பதிவாகும் பெயர்களைப் பொறுக்கிக் கடிதம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. நான்கு நாட்களாகச் சொந்த மாமியாரிடமும் பெயரைச் சொல்லாமல் காத்திருந்த தனம், தன் கைப்பேசியை எட்டப் பிடித்துப் பார்த்தார்: "ஊருல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. ஊரு பேரு தெரியாதவன்லாம் அதுக்குள்ள வந்து வரிசையில நிக்கிறான் பாரு!"

பதில் வேண்டாதவர்

சனிக்கிழமை காலை அஞ்சல் வரவில்லை. பதினொரு மணிக்கு ஐவரும் தையலை நிறுத்திவிட்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்கள். கணினியில் அஞ்சல் பெட்டி காலியாக, துடைத்து வைத்த தட்டுபோல் இருந்தது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கமலக்கண்ணன் எல்லா அமைப்புகளையும் மீண்டும் சரிபார்த்தார். அமுதா ஸ்டெல்லாவின் கைப்பேசியிலிருந்து கொள்முதல் அதிகாரியை அழைத்தார். "நேத்து சாயங்காலமே போயிருக்குதேம்மா. சிஸ்டம் தானா அனுப்புறது. அஞ்சு மணிக்கு அதுவே மூடிக்கும், என் கையில ஒண்ணுமில்ல" என்றார் அவர். அமுதா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். தையற்காரருக்குத் தலைப்பு மடிந்து கிடப்பது பிடிக்காது என்பார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டெல்லா அவர் தோளில் கை வைத்திருந்தார்.

மெய்ப்புத் திருத்தியபோது, காணாமற்போன ஒரு பத்தியைத் தேடும் முறை ஒன்று எனக்குண்டு: இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நேற்றிலிருந்து யார் யார் கை பட்டது என்று கேட்பது. நேற்று மாலை வந்த விளம்பர அஞ்சல்கள் எங்கே என்று கேட்டேன். பெட்டி அத்தனை தூய்மையாக இருந்தது எனக்கு ஐயத்தைத் தந்தது. தனம் பெருமையோடு நிமிர்ந்தார். வந்தவற்றையெல்லாம் உடனுக்குடன் அழித்துவிட்டதாகவும், பெட்டியில் ஒரு குப்பையும் தங்க விடவில்லை என்றும் சொன்னார். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. கமலக்கண்ணன் அழித்தவை கிடக்கும் அறையைத் திறந்தார். அங்கே பதினான்கு விளம்பரங்களுக்கு நடுவில் தொழிற்சாலையின் அஞ்சல் கிடந்தது.

அமுதா ஓடி வந்து இணைப்பை அழுத்தினார். உங்கள் முகவரி உறுதி செய்யப்பட்டது என்று பச்சை நிறத்தில் ஒரு வரி தோன்றியது. மணி மூன்று ஐம்பது. ஐவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை நான் காதால் கேட்டேன். அதன்பிறகுதான் நான்கு பேரும் தனத்தின் பக்கம் திரும்பினார்கள். தனம் அஞ்சலின் தலைப்பை விரலால் தட்டிக் காட்டினார். அனுப்புநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பதிலளிக்க வேண்டா என்னும் பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. "தலையிலயே 'எனக்குப் பதிலு போடாத'ன்னு எழுதி அனுப்பியிருக்கான். நம்மகூடப் பேசறதுக்கே இஷ்டம் இல்லாதவனோட கடுதாசி நமக்கு எதுக்குடி?"

சனிக்கிழமை, நான்கு இருபது

யாரும் எழுந்து போகவில்லை. பச்சை வரியைத் தாங்களே பார்த்தபின்னும், தொழிற்சாலை வாயால் சொல்லிக் கேட்டால்தான் நம்புவது என்று அமர்ந்திருந்தார்கள். வள்ளி கீழே போய் வெங்காயப் போண்டா வாங்கி வந்தார். நான் படிவங்களைத் தேதி வாரியாக அடுக்கி, துளையிட்டு, கோப்பில் சேர்த்தேன். கமலக்கண்ணன் பெயரின் சான்றிதழை அச்சிட்டு, எங்களுடைய பெயரிலோ அலுவலகத்தின் பெயரிலோ இல்லாமல், அமுதாவின் பெயரிலேயே பதிவாகியிருப்பதை அவருக்குக் காட்டினார். ஐவரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். தனம் அதைத் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்தார்.

நான்கு இருபதுக்கு ஸ்டெல்லாவின் கைப்பேசி ஒலித்தது. அமுதா கையிலிருந்த போண்டாவைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று எடுத்தார். கொள்முதல் அதிகாரிதான். பதிவு வந்துவிட்டது, திங்கட்கிழமை வந்து துணியை எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். யார் பேசுவது என்று உறுதி செய்துகொள்ள அவர் முதலில் கேட்ட கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை, விடை கேட்டது. அமுதா மற்ற நால்வரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமாங்க சார், தங்கநூல்தான் பேசறோம்."

ஒரு பெயருக்கு அவர்களுக்கு ஆறு நாட்கள் ஆயின. அந்தப் பெயரை ஆண்டுதோறும் மறவாமல் புதுப்பிக்க வேண்டும் என்பதை, அவர்கள் அந்தப் போண்டாவை நிம்மதியாகத் தின்று முடிக்கட்டும் என்று, நான் திங்கட்கிழமைதான் சொன்னேன்.